சாணியில் மூக்கு, நாக்கில் தமிழ்

ஏற்காட்டில் காபி வைத்த காக்பர்ன் துரை சேலம் கலெக்டராக இருந்த காலம். மலையேறும் துரைகளுக்குக் கூலியாளிடம் பேசத் தமிழ் வேண்டுமே! ஏட்டில் கிடைத்ததோ பெரும்பாலும் செய்யுள். 1822-ல் லண்டனில் ஒரு புத்தகம் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத்தமிழ் கற்பிக்க எழுதிய பரமார்த்த குரு கதை. பாபிங்டன் என்ற மதராஸ் அதிகாரி மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் சேர்த்துப் பதிப்பித்தார்.

சீடர்களின் பெயரே முதல் பாடம்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். (மிலேச்சன் என்றால் அந்நியன். இத்தாலிக்காரப் பாதிரியார் தன்னையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது!) ஆற்றைக் கடந்ததும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருத்தன் குறையுதே என்று ஒப்பாரி வைக்கிறான். பிறகு ஒரு கிழவி வழி சொல்கிறாள்: சாணியைப் பிசைஞ்சு, ஆளுக்கொரு தரம் மூக்கைக் குத்தி, குழியை எண்ணுங்கப்பா!

பிசைவது, குத்துவது, எண்ணுவது... எந்தத் துரைக்கு மறக்கும்?