பழ ஈயின் பெயர் வரலாறு: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

நத்தம், சாணார்பட்டி வட்டார மாந்தோப்புகளிலும் ஆயக்குடிக் கொய்யாத் தோட்டங்களிலும் காயைத் துளைத்து முட்டையிடும் பூச்சிகளைப் பழ ஈ என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றனர். பூச்சியியலார் அப்பெயருக்குள் பல சிற்றினங்களைக் காண்கின்றனர. அவை எந்த ஆண்டில், எவ்வுறுப்பைக் கொண்டு பிரித்தறியப்பட்டன என்பதைக் கருதாமல் சென்னை மாகாண வேளாண் ஆவணங்களைப் படிப்பது பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும் என்பது இக்கட்டுரையின் வாதம். திண்டுக்கல் 1985இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆதலால் பழைய குறிப்புகளை மதுரையின்கீழ்த் தேட வேண்டும். இடப்பெயரை இவ்வாறு ஈடுகட்டிவிடலாம். உயிரிப்பெயரை அவ்வளவு எளிதாக ஈடுகட்ட முடியாது.

பாக்ட்ரோசெரா பேரினத்தின் மூன்று சிற்றினங்களை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் முன்விளிம்பில் ஓடும் கரும்பட்டை டார்சாலிசில் நுனிவரை அறாமல் தொடரும். கரெக்டாவிலும் சொனேட்டாவிலும் அது இடையில் அறுந்து, நுனியில் ஒரு புள்ளி மட்டும் எஞ்சும். இவ்விரண்டையும் பிரிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். சொனேட்டாவின் முகத்தில் இரு கரும்புள்ளிகள் விலகி நிற்கும். கரெக்டாவில் அவை குறுக்குவாட்டில் நீண்டு ஏறத்தாழ ஒரே கோடாகும். ஈயின் முழு உடலே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதை நினைவிற்கொண்டால் இவ்வடையாளங்களின் நுண்மை விளங்கும்.

1794இல் ஃபாப்ரிசியஸ் கிழக்கிந்திய ஈ ஒன்றுக்கு ஃபெருஜினியா எனப் பெயரிட்டார். அதே பெயரை ஸ்கோபோலி 1763இலேயே வேறோர் ஈக்குச் சூட்டியிருந்ததால் அது செல்லாப் பெயராயிற்று. 1912இல் தைவான் மாதிரிகளைக் கொண்டு ஹெண்டெல் இட்ட டார்சாலிஸ் என்பதே நிலைத்தது. ஆயினும் இந்திய எழுத்துகளில் ஃபெருஜினியஸ் நெடுங்காலம் நீடித்தது. சொனேட்டா 1842இலேயே பெயர்பெற்றிருந்தது. கரெக்டாவோ, இத்தாலியரான மாரியோ பெஸ்ஸி இந்தியா, பர்மா, இலங்கை ஈக்களை ஆராய்ந்து 1916இல் எழுதிய கட்டுரையில்தான் தனிப்பெயர் பெற்றது. ஆகவே அதற்கு முந்திய ஆவணமொன்றில் கொய்யாவைக் கெடுத்த ஈ எனக் குறிப்பிருந்தால், அதைக் கரெக்டா என்றோ டார்சாலிஸ் என்றோ இன்றைய பெயருக்கு மாற்றி எழுத நமக்கு உரிமையில்லை. ஃபெருஜினியஸ் என்று இருந்தால் டார்சாலிஸ் எனப் படித்துவிடும் வழக்கமும் ஐயத்திற்குரியதே. டார்சாலிசை ஒத்த தென்னிந்தியச் சிற்றினமான கேரியே 1971இல்தான் கபூரால் விவரிக்கப்பட்டது. தொடைப்பகுதியின் கருந்திட்டு அதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களுள் ஒன்று. 1971க்கு முன் அத்திட்டைத் தேட எவருக்கும் காரணமில்லை.

பிரித்தவை மீண்டும் இணைந்த கதையும் உண்டு. 1994இல் ட்ரூ, ஹான்காக் இருவரும் டார்சாலிஸ் கூட்டத்திலிருந்து பல புதிய சிற்றினங்களைப் பிரித்தனர். அவற்றுள் பப்பாயேவுக்குப் பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பின் நீளம் முக்கிய அடையாளமாயிற்று. 2003இல் கென்யாவில் கண்டறியப்பட்ட ஈ 2005இல் இன்வாடென்ஸ் எனப் பெயர்பெற்றது. அதன் முதுகுநிறம் செம்பழுப்பு முதல் கருமைவரை மாறுபட்டது. 2015இல் இவ்விரண்டும் டார்சாலிசே என அறிவிக்கப்பட்டன. அளந்த நீளமும் கண்ட நிறமும் பொய்யல்ல. அவை சிற்றின எல்லையைக் குறிக்கின்றன என்ற முடிவே மாறியது.

இது பெயர் வாதம் மட்டுமன்று. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்திற்குத் தடை விதித்தபோது பழ ஈ அதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிருந்தது. தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. தொற்றொதுக்க விதிகள் சிற்றினப் பெயரையே கேட்கின்றன.

தோப்புகளில் தொங்கும் கவர்ச்சிப் பொறிகளின் வேதிப்பொருளான மெத்தில் யூஜினாலுக்கும் இந்திய வேர் உண்டு. பீகாரின் பூசா நிறுவனத்தில் பணியாற்றிய ஹௌலெட், எலுமிச்சைப்புல் இன எண்ணெயான சிட்ரோனெல்லா ஆண் ஈக்களை ஈர்ப்பதை 1912இல் எழுதினார். 1915இல் மெத்தில் யூஜினாலை இனங்காட்டினார். ஆனால் மேற்கூறிய நான்கு சிற்றினங்களின் ஆண்களும் இதற்கு வருகின்றன. பொறியில் விழுந்தவற்றை எண்ணி ஒரே தொகையாக எழுதும் பதிவேடு, நாளைய வரலாற்றாய்வாளரைப் பழைய ஃபெருஜினியஸ் சிக்கலுக்குள்ளேயே மீண்டும் தள்ளும். டேவிட், ரமணி ஆகியோர் 2011இல் வெளியிட்ட தீபகற்ப இந்தியப் பழ ஈக்களுக்கான படவிளக்க வழிகாட்டி இன்று கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், இதற்குச் சாக்குச் சொல்வதும் கடினம்.

பழைய குறிப்புகளைப் பொறுத்தவரை, எழுத்தாவணத்தோடு ஈயின் உடலும் எஞ்சியிருந்தால் மட்டுமே மீளாய்வு இயலும். 1934 பீகார் நிலநடுக்கத்திற்குப் பின் பூசா நிறுவனம் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. அதன் பூச்சித் தொகுப்பு இன்றும் அங்கே பேணப்படுகிறது. மதுரை, சென்னை மாகாணம் எனச் சீட்டுக் கட்டிய ஊசிகளை அங்கே தேடுவது ஆவணக்காப்பகப் பணிக்கு அடுத்த வேலையன்று; அதற்கு முந்திய வேலை.