நடை சாத்திய நேரம்

குழுச் சுற்றுலாவில் நிகழ்ச்சி எதுவும் குறிக்கப்படாமல் பயணிகளின் விருப்பத்துக்கு விடப்படும் ஓரிரு மணி நேரத்தை டூர் நடத்துவோர் ‘ஃப்ரீ டைம்’ என்பர். இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று மதுவிலக்கு இயக்கத்தாரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு இரயிலில் அழைத்துச் சென்றதிலிருந்தே அமைப்புமுறைச் சுற்றுலாவின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்; அம்மரபில் ஓய்வு நேரம் என்பது நிரலை வகுத்தவர் பயணிக்கு அளிக்கும் சலுகையாகும். தமிழகத்தில் அதை அளிப்பவர் வேறொருவர். உச்சிவேளையில் கோயில் கதவு மூடப்படுவதால் விளையும் நேரம் அது. வழிகாட்டியோ வண்டிக்காரரோ அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஆகம முறைப்படி வழிபாடு நடைபெறும் சிவாலயங்களில் உஷத்காலம், காலசந்தி, உச்சிகாலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம் என ஆறு காலப் பூசை கூறப்படுகிறது. இவற்றுள் நண்பகலில் நிகழும் உச்சிகாலப் பூசை முடிந்ததும் கருவறை மூடப்படுவதும், மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கப்படுவதும் பெரும்பாலான கோயில்களின் நடைமுறை. இதையே ‘நடை சாத்துதல்’ என்பர். திருமலையைப் போல நண்பகலில் நடை சாத்தாத தலங்களும் உண்டு. ஆனால் அங்கே பயணிக்குக் கிடைப்பது ஓய்வு நேரமன்று, வரிசைதான்.

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் யாத்திரை சென்ற காலத்தில் இந்த நான்கு மணி நேரம் ஓர் இடையூறாகக் கருதப்படவில்லை, ஏனெனில் வெயிலில் நடக்க இயலாத பொழுதும் அதுவே. குளக்கரை மண்டபமும், தேரடி நிழலும், வழிப்போக்கர் தங்கி உண்பதற்கான அறக்கட்டடமாகிய சத்திரமும் இந்தப் பொழுதைத் தாங்குவதற்கென்றே வளர்ந்தவை போலத் தோன்றுகின்றன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தம்மாள் சத்திரம், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு உணவளித்தது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பிய காசி யாத்திரையைத் தெலுங்கில் பதிவு செய்துள்ளார். 1838இல் அச்சான அந்நூலில் தலச்சிறப்புகளுக்கு இணையாகத் தங்குமிடங்களும் அங்கே கிடைத்த பண்டங்களும் இடம்பெறுகின்றன. பெருங்குழுவை அழைத்துச் செல்பவருக்கு எங்கே இளைப்பாறுவது என்பதும் எதைக் காண்பது என்பதைப் போலவே முதன்மையான கேள்விதான்.

இந்த நீண்ட வழக்கம் வேன் பயணத்துக்குள் நுழைந்த விதத்தைக் காண்பதற்குக் குரோம்பேட்டை பொருத்தமான இடம். தோலைக் குரோமிய உப்புகளால் பதனிடும் முறையைக் கையாண்ட குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து பெயர் பெற்ற இவ்வூர், 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின், நகரத்து அலுவலகங்களுக்குச் சென்றுவருவோரின் குடியிருப்பாகப் படிப்படியாக மாறியது. மாதச் சம்பளமும் வார விடுமுறையும் உடைய இக்குடும்பங்களுக்கு, தெற்கே செல்லும் பெருஞ்சாலையாகிய ஜி.எஸ்.டி. சாலை வீட்டருகிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு தெருவினர் சேர்ந்து வேன் அமர்த்தி, கட்டுச்சோறாகப் புளியோதரையையும் தயிர்சாதத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஒருநாள் பயணத்துக்கு இதைவிட ஏற்ற புறப்பாட்டு இடம் அமைவது கடினம்.

காத்திருப்பதன் பெருமையைச் சொல்லும் தலம் ஒன்றும் இவ்வூரின் மேற்கே உள்ளது. வைணவ ஆழ்வார்களால் பாடப்பெற்ற 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருநீர்மலைக்குத் திருமங்கையாழ்வார் வந்தபோது, மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும் வரை ஆறு மாதம் அவர் காத்திருந்து வழிபட்டதாகவும் தலவரலாறு கூறுகிறது. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த எனத் திருமால் நான்கு கோலத்திலும் காட்சி தரும் இத்தலத்தில், நீர்வண்ணப் பெருமாள் அடிவாரத்திலும் ஏனைய மூவர் மலைமேலும் எழுந்தருளியுள்ளனர். இரண்டு இடங்களையும் உச்சிக்கு முன் முடிக்கக் கருதி ஓடுவோர் பலர். ஆழ்வாரின் ஆறு மாதம் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் நிறுவப்பட்டது. அதன் ஒருநாள் பயணங்களிலும் தனியார் வேன்களின் நிரலிலும் நிலைபெற்றுவிட்ட ஓர் இணை, காலையில் காஞ்சிபுரம், பிற்பகலில் மாமல்லபுரம் என்பது. இந்த வரிசை தற்செயலானதன்று. காஞ்சியில் ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், கைலாசநாதர் ஆகிய கோயில்களை நடை சாத்துவதற்குள் பார்த்துவிட வேண்டும். மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களாதலால் காலை முதல் மாலை வரை இடைவெளியின்றித் திறந்திருக்கும். பூசைக் காலமும் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டும் சேர்ந்து வகுத்த நிரல் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டினால் நண்பகல் இடைவெளி மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. சத்திரத் திண்ணையில் கழிந்த பொழுது காஞ்சியின் பட்டுப்புடவைக் கடைகளில் கழியலாயிற்று. பயணிகளைக் கடைக்கு அழைத்து வருவோருக்குத் தரகு கொடுக்கும் வழக்கம் உலகின் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் உண்டு. ‘ஃப்ரீ டைம்’ என்று அறிவிக்கப்பட்ட நேரம் யாருக்கு ‘ஃப்ரீ’ என்ற ஐயம் அங்கேதான் எழுகிறது. புடவை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் அதே ஊரில், பாலாற்றின் கிளையாகிய வேகவதிக்கு அப்பால், திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயிலும் அதன் மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாற்றைக் கூறும் ஓவியங்களும் உள்ளன என்பதை அறியாமலேயே திரும்பியோர் எண்ணிக்கை மிகுதி.

மாமல்லபுரத்தில் கிடைக்கும் ஓய்வு நேரத்தைப் பொறுத்தவரை, வெயிலின் திசை அறிந்தவர்களே அதை நன்கு பயன்படுத்தியவர்கள். அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கியது. ஆதலால் காலையில் வெயில் பட்டுத் துலங்கும் அப்பாறை, வேன்கள் வந்து சேரும் பிற்பகலில் தன் நிழலிலேயே இருக்கும். ஐந்து இரதங்களுள் திரௌபதி, அர்ச்சுனன், வீமன், தருமராசர் பெயர்களைத் தாங்கிய நான்கும் மேற்கு நோக்கியவை. சாயும் வெயில் அவற்றின் முகப்பில் நேராக விழும். எனவே வழிகாட்டியின் விளக்கம் முடிந்ததும் கடற்கரைக்கு விரைவோரைக் காட்டிலும், ஒரு மணி நேரம் இரதங்களின் மேற்குப் பக்கத்தில் அமர்ந்திருப்போர் பல்லவச் சிற்பியின் உளிவேலையை மிகுதியாகக் காண்பர். ஊருக்குள் நடந்தால் கற்சிற்பப் பட்டறைகளில் உளியோசை இன்றும் கேட்கும். 1957இல் இங்கே தொடங்கப்பட்ட அரசுச் சிற்பப் பள்ளி பிற்காலத்தில் கல்லூரியாக வளர்ந்தது. இவற்றில் எதுவும் நிரலில் இடம்பெறுவதில்லை.

செங்கல்பட்டு வழியாகக் காஞ்சியிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பாதையில் உள்ள திருக்கழுக்குன்றம், நண்பகலையே காட்சிப் பொழுதாகக் கொண்டிருந்த அரிய தலம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் செல்லும் வேதகிரீசுவரர் மலையில், உச்சிவேளையை ஒட்டி அர்ச்சகர் பாறையில் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்பதற்கு இரண்டு கழுகுகள் வந்தன. பறவையியலார் இவ்வினத்தை மஞ்சள்முகப் பாறு என்பர். சாபம் பெற்ற முனிவர்களே இவர்கள் என்றும், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நாள்தோறும் யாத்திரை செல்லும் வழியில் இங்கே உணவு கொள்கின்றனர் என்றும் மக்கள் நம்பினர். மற்ற கோயில்களில் நடை சாத்தும் பொழுதுக்கு இங்கே மூச்சிரைக்கப் படியேறி, பாறையைச் சுற்றி அமர்ந்து, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதே வழிபாட்டின் பாதியாக இருந்தது. கழுகு வாராமல் போன நாட்களில் கூட்டத்தில் யாரோ தீட்டுக்குரியவர் இருப்பதாக முணுமுணுப்பு எழுவதும் உண்டு. 1990களின் இறுதிக்குப் பிறகு அவை வருவது நின்றுவிட்டது. காஞ்சியில் நடை சாத்தியதும் கிளம்பும் வேன்கள் இப்போது பிற்பகல் வெயிலில் அம்மலையடியைக் கடந்து செல்கின்றன. உள்ளே பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருப்பர்.