டீசல் முள்ளும் கம்பம்மெட்டு ஏற்றமும்

வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிறதே ஒரு முள், அது பெட்ரோலைப் பார்த்ததே கிடையாது. டாங்கிக்குள் ஒரு மிதவை, மிதவையோடு ஒரு கம்பி. கம்பி ஏறி இறங்கும்போது மின்தடை மாறும். எத்தனை ஓம் என்பதைத்தான் முள் படிக்கிறது. அதைப் பெட்ரோல் என்று எடுத்துக்கொள்வது நாம்.

இங்கே பழைய கார் வாங்கி, ஈபேயில் மீட்டர் செட் தேடி மாற்றுகிற நம்ம ஆட்கள் நிறைய. மாற்றியபின் ஸ்பீடு சரியாகக் காட்டுகிறது, பெட்ரோல் முள் மட்டும் பொய் சொல்கிறது என்று புலம்புவார்கள். அந்தப் பொய்க்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. அதில் பாதி நான் குப்பை கொட்டும் மிச்சிகனில் நடந்தது. மீதி நம்ம கம்பம், குமுளிப் பக்கம் நடந்தது.

முதலில் மிச்சிகன். ஃபோர்டு மாடல் டி (1908-1927) காரில் பெட்ரோல் முள்ளே கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் டாங்கி முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டியதுதான். பெட்ரோல் எஞ்சினுக்குத் தானாக வழிந்து போகும் ஏற்பாடு என்பதால், டாங்கி குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ரிவர்ஸ் போட்டு ஏறினார்கள்! அடுத்து வந்த மாடல் ஏ-யில் டாங்கி டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே இருந்தது. மிதவை நேரடியாக அளவைக் காட்டியது, மின்சாரம் தேவைப்படவில்லை.

டாங்கி பின்பக்கம் போனதும் தலைவலி ஆரம்பம். ஆன் ஆர்பரில் இருந்த கிங்-சீலி கம்பெனி, டாங்கியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாய் இழுத்து, டேஷ்போர்டில் கண்ணாடிக் குழாய்க்குள் சிவப்புத் திரவம் ஏறி இறங்கும்படி ஒன்றைச் செய்தது. பிறகு மின்சார முள் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் சூடாகி வளையும் இரட்டை உலோகத் தகடு முள்ளைத் தள்ளும். தகடு மெதுவாகத்தான் சூடாகும், அதனால் டாங்கியில் பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடாது. ஆனால் பேட்டரி வோல்ட் ஏறி இறங்கினால் முள்ளும் கூடவே ஏறி இறங்கும். அதற்காக அமெரிக்க வண்டிகள் பலவற்றில் சுமார் 5 வோல்ட், பிரிட்டிஷ் வண்டிகளில் 10 வோல்ட் என்று சீராக்கித் தரும் ஒரு சின்னச் சாமான் சேர்த்தார்கள்.

இதுவரை சரி. ஆனால் எத்தனை ஓம் என்றால் காலி, எத்தனை ஓம் என்றால் ஃபுல்? உலகத்துக்குப் பொதுவாக யாரும் முடிவு செய்யவில்லை. பழைய ஃபோர்டு, சிஜே ஜீப்பில் காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. ஜெனரல் மோட்டார்ஸில் 1965க்குப் பிறகு காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. ஸ்டூவர்ட்-வார்னர் 240க்கு 33. ஜெர்மனியின் விடிஓ 10க்கு 180. திசையே தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மிதவையோடு ஃபோர்டு முள்ளைச் சேர்த்தால், டாங்கி காலியாகக் காலியாக முள் ஃபுல் பக்கம் போகும்.

இனி நம்ம ஊர். மூணாறில் தேயிலை ஏற்றிப்போக ஓடிய குண்டளை ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. மறுபடி அது வரவில்லை. மலைக்கு ரோடுதான் கதி என்று ஆனது. 1947ல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் டீசல் எஞ்சினோடு வந்த ஜீப்புகள் இந்த மலைக்கென்றே செய்தவை போல ஆகிவிட்டன. கம்பம், போடி, தேவாரத்திலிருந்து விடிவதற்கு முன்பே ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்க சித்தப்பா 90களில் அப்படி ஒரு ஜீப் ஓட்டினார். மீட்டர் செட் பழுதாகி, வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதை ஒரு பட்டறையில் மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு விடியற்காலை, கம்பம்மெட்டு ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. முள் கால் டாங்கி என்கிறது, டாங்கியோ காலி. பின்னால் களையெடுக்கப் போகும் பெண்கள். இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். டீசல் வண்டி வறண்டு நின்றால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். எல்லாம் முடிவதற்குள் தோட்டத்தில் பேர் பதியும் நேரம் தாண்டிவிட்டது. அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு.

அதன்பின் சித்தப்பா ஒரு மூங்கில் குச்சி வைத்துக்கொண்டார். ஐந்து லிட்டர் கேனால் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு முறையும் கத்தியால் ஒரு கோடு. "முள்ளு ஆயிரம் சொல்லட்டும்டா, குச்சி நனைஞ்சாத்தான் நான் நம்புவேன்" என்பார். மாடல் டி ஓட்டியவரும் எங்க சித்தப்பாவும் கடைசியில் நம்பியது குச்சியைத்தான் :-)

மீட்டர் செட் மாற்றுகிறவர்களுக்கும் இதே முறைதான், கருவி மட்டும் வேறு. டாங்கி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது ஒருமுறை, ஃபுல்லாக இருக்கும்போது ஒருமுறை, மிதவையிலிருந்து வரும் வயரை மீட்டரிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். டாங்கி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். புது முள்ளுக்கு எத்தனை ஓம் வேண்டும் என்று பட்டறைப் புத்தகத்தில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முள்ளுக்கேற்ற மிதவை போடலாம். இல்லையென்றால் பழைய செட்டின் பெட்ரோல் முள்ளை மட்டும் புதிதில் பொருத்த முடியுமா பாருங்கள். நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் ஒரு முனை சரியாகும், மறுமுனை கெடும். தலைகீழ்த் திசையை அது திருப்பாது. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் வோல்ட் சீராக்கியையும் எர்த் வயரையும் பாருங்கள். இன்றைய வண்டிகளில் கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். செட்டை மாற்றினால் அந்த வண்டிக்கேற்ப கோடிங் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியில், சமதளத்தில் நிறுத்தி, அளந்து ஊற்றி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாளையார்-பாலக்காடு சமவெளி ரோட்டில் சரியாக நிற்கும் முள், கம்பம்மெட்டில் டீசல் ஒரு பக்கம் சாயும்போது வேறு சொல்லும். அது பழுது இல்லை. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கே பொள்ளாச்சி, சேத்துமடை சுற்றித்தான் ரோடு. அப்படிப்பட்ட ரோட்டில் போகிறவர்களுக்குக் கால் டாங்கி என்பது காலி மாதிரிதான். ஊருக்குப் போய் வாடகை வண்டி எடுத்தால், மலை ஏறும் முன் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.