‘ஹம்ப்’ வான்வழியும் வானிலையும்

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் சீனாவுக்கான தரைவழி அடைபட்டது. அசாம் விமானத் தளங்களிலிருந்து குன்மிங்குக்குச் சரக்கைக் கொண்டுசெல்லும் பொறுப்பு அமெரிக்க இராணுவப் போக்குவரத்து விமானங்களைச் சேர்ந்தது. இடையிலிருந்த மலைத்தொடர்களை விமானிகள் ‘ஹம்ப்’, அதாவது திமில், என்றழைத்தனர். பருவமழை மேகமும் கொந்தளிக்கும் காற்றும் இறக்கைகளில் உறையும் பனியும் அவ்வழியின் ஓயாத இடர்கள்.

இவற்றை எல்லா விமானங்களும் ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை. சி-47 நம்பகமானது, ஆயினும் முழுச் சுமையுடன் அதிக உயரத்தை எட்ட இயலாமையால் முகடுகளை ஒட்டியே செல்ல நேர்ந்தது. சி-46 மிகுந்த சுமையுடன் மேலும் உயரே பறந்தது; ஆனால் குறைகள் களையப்படுமுன்னரே பணியில் இறக்கப்பட்டதால் அடிக்கடி பழுதுற்றது. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்திலிருந்து உருவான சி-87இன் குறுகிய இறக்கைகளோ பனி படிந்தால் விரைவில் தூக்குவிசையை இழந்தன.

1943இன் பிற்பகுதியில் பொறுப்பேற்ற தாமஸ் ஹார்டின், வானிலையைக் காரணம் காட்டிப் பயணங்களை நிறுத்தும் வழக்கத்துக்கு ஏறத்தாழ முற்றுப்புள்ளி வைத்தார். சரக்கு பெருகியது, விபத்துகளும் பெருகின. 1944 செப்டம்பரில் வந்த வில்லியம் டன்னர் பராமரிப்பு, விமானிகளின் பணிக்காலம், பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றைச் சீரமைத்தார். நான்கு எஞ்சின்களுடைய சி-54களும் வந்து சேர்ந்தன. 1945 ஜூலையில், பருவமழையின் உச்சத்தில், 70,000 டன்னுக்கு மேல் சரக்கு சென்றது. விபத்து விகிதமோ வெகுவாகக் குறைந்திருந்தது.

அதே மலை, அதே மழை. இவ்வழியில் வீழ்ந்த ஏறத்தாழ 600 விமானங்களையும் வானிலையின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.