இறாலுக்கு நாலு பெயர்

இறால் என்றதும் தொக்கா, வறுவலா என்று கேட்கிற கூட்டம்தான் நாம். ஆனால் வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் சிலருக்கு இன்னொரு இறாலும் பழக்கம். கண்ணாடி மாதிரி உடம்பு, பக்கவாட்டில் புள்ளிக்கோடு, இரண்டு அங்குல நீளம். தொட்டியில் படரும் பாசியை மேய்வதுதான் அதன் வேலை. கடைகளில் 'அமானோ இறால்' என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது.

1853 முதல் 1856 வரை அமெரிக்கக் கடற்படை வட பசிபிக் கடலை ஆராய ஒரு பயணம் நடத்தியது. அதில் போன இளம் உயிரியலாளர் வில்லியம் ஸ்டிம்ப்சன். ஜப்பானுக்குத் தெற்கே போனின் தீவுகளில் கிடைத்த ஓர் இறாலுக்கு 1860-இல் 'காரிடினா மல்டிடென்டாட்டா' என்று பெயரிட்டார். பல பற்கள் உள்ளது என்று பொருள்.

1871 அக்டோபரில் சிகாகோ நகரமே தீப்பற்றி எரிந்தது. அங்கிருந்த அறிவியல் கழகத்தில் ஸ்டிம்ப்சன் சேர்த்து வைத்திருந்த மாதிரிகள் எல்லாம் சாம்பல். அடுத்த வருஷமே, 40 வயதில், அவரும் போய்ச் சேர்ந்தார்.

1892-இல் டச்சு ஆய்வாளர் டி மான், ஜப்பானில் கிடைத்த ஓர் இறாலுக்கு 'காரிடினா ஜப்பானிகா' என்று பெயர் சூட்டினார். அடுத்த 114 வருஷம் இந்தப் பெயர்தான் புழக்கத்தில். 2006-இல்தான் ஸ்டிம்ப்சன் எழுதி வைத்ததை ஆய்வாளர்கள் மறுபடி அலசி, இரண்டும் ஒரே இறால் என்று காட்டினார்கள். எங்கள் வங்கியில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயரில் கணக்கு இருந்தால் ஒன்றாகச் சேர்க்கச் சொல்வோம் இல்லையா? அது போலத்தான். விதிப்படி முந்தைய பெயருக்கே முன்னுரிமை. ஸ்டிம்ப்சனுக்கு அவர் வரவு திரும்பக் கிடைக்க 146 வருஷம் ஆயிற்று!

சரி, அமானோ யார்? தகாஷி அமானோ, 1954-இல் ஜப்பானின் நீகாட்டாவில் பிறந்தவர். தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர், பிறகு புகைப்படக்காரர். தொட்டிக்குள் காட்டையும் மலையையும் செடிகளால் அமைக்கும் கலையை வளர்த்து, 1982-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். செடி வளர வெளிச்சமும் உரமும் வேண்டும். அதே வெளிச்சத்தில் பாசியும் செழிக்கும். மருந்து கொட்டாமல் பாசியை ஒழிக்க, ஜப்பானிய ஓடைகளில் வாழும் இந்த இறாலை 1980களின் தொடக்கத்தில் தொட்டியில் விட்டார். ஜப்பானியர்கள் 'யமாட்டோ நுமா எபி' என்று அழைக்கும் இறால்தான். 1990களில் அவருடைய புத்தகங்கள் மேல்நாடுகளுக்குப் போக, இறாலும் பின்னாலேயே போயிற்று, அவர் பெயரைச் சுமந்துகொண்டு. அவர் அதைக் கண்டுபிடித்தவரும் இல்லை, பெயரிட்டவரும் இல்லை. வேலை வாங்கிக் கொடுத்தவர், அவ்வளவுதான். 2015-இல் காலமானார்.

நாலு பெயர் ஆயிற்று. ஆனால் எந்தப் பெயரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ஓடையில் வாழும் இந்த இறாலின் குஞ்சுகள் பொரிந்ததும் நீரோட்டத்தோடு கடலுக்குப் போகும். உப்புத் தண்ணீரில் வளர்ந்து உருமாறிய பிறகு மறுபடி ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். உங்கள் தொட்டியில் ஆயிரக்கணக்கில் முட்டை சுமந்து நிற்கும். குஞ்சும் பொரிக்கும். ஆனால் நன்னீரில் அந்தக் குஞ்சுகள் சில நாட்களில் செத்துவிடும். தனியாக உப்புத் தண்ணீர் வைத்து வளர்ப்பவர்கள் உண்டு, சிரமமான வேலை. அதனால் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஓடைகளில் பிடிக்கப்பட்டவை. சும்மா குட்டி போட்டுப் பெருகும் சரக்கு என்று நினைத்து வாங்கி வாங்கிச் சாகவிடாதீர்கள்.

வைத்திருப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. செம்பு கலந்த மீன் மருந்தை ஊற்றாதீர்கள், இறாலுக்கு அது விஷம். தீனியை அள்ளிப் போடாதீர்கள், வயிறு நிறைந்தால் பாசியைத் திரும்பிப் பார்க்காது. தொட்டியை மூடி வையுங்கள், ஏறி வெளியே விழுந்துவிடும்.

மாற்றல் வாங்கி எந்த ஊருக்குப் போனாலும் நாம் பிழைத்துக்கொள்கிறோம். இந்த இறாலும் அப்படித்தான், எந்தத் தொட்டியிலும் வருஷக்கணக்கில் உழைக்கிறது. அடுத்த தலைமுறைக்கு மட்டும் அதற்குக் கடல் வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்பதை அவரவர் வீட்டில் யோசித்துக்கொள்ளலாம்.