திருவந்திபுரத்து மேட்டில் ஓர் அரை டன் கருவி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுக்க மாத்தாம, வாசிக்க வசதியாத் தொகுத்திருக்கோம்.)

பிஜிஎம்ஐ விளையாடுறவங்களுக்கு இன்னைய எபிசோட் கொஞ்சம் சீக்கிரமே பிடிபடும். துப்பாக்கியில 6எக்ஸ் ஸ்கோப் போட்டிருக்கீங்க. 300 மீட்டர் தள்ளி மலை மேல படுத்திருக்கிறவன் ஹெல்மெட் வரைக்கும் தெளிவாத் தெரியுது. அந்த நேரம் பார்த்து பக்கத்து ரூம்ல காலடிச் சத்தம். அவசரமா ஸ்கோப்ல கண்ண வைக்கிறீங்க. என்ன தெரியும்? வந்தவன் சட்டையில ஒரு துண்டு. தலை எங்க, கை எங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுது. அதுக்காகத்தான் கேன்டட் சைட்னு ஒண்ணு பக்கவாட்டுல மாட்டிக்கிறோம். துப்பாக்கியைக் கொஞ்சம் சாய்ச்சா போதும், பெருக்கம் இல்லாத அந்தச் சின்ன சைட் கண்ணுக்கு நேரா வந்துடும்.

இது கேம்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. தூரத்தைப் பெரிசாக்கிக் காட்டுற கண்ணாடி எதுவா இருந்தாலும், கூடவே பார்வையோட அகலத்தைக் குறைச்சிடும். சாவித்துவாரம் வழியா எட்டிப் பார்க்கிற மாதிரிதான். அதனால தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கருவியில ரெண்டு ஏற்பாடு வைக்கணும்கிறது ரொம்பப் பழைய தலைவலி.

இந்தத் தலைவலிக்கு இந்தியாவோட ஒரு நேரடித் தொடர்பு இருக்கு. கம்பெனியோட பம்பாய் ராணுவத்துல டேவிட்சன்னு ஓர் அதிகாரி. 1830களிலேயே இங்க வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கி மேல தொலைநோக்கி மாட்டிப் பார்த்தவர். பிற்பாடு அவர் வடிவமைச்ச சைட், விட்வொர்த் ரைஃபிளோட சேர்ந்து அமெரிக்க உள்நாட்டுப் போர் வரைக்கும் போச்சு. தென்மாநிலப் படையோட குறிவீரர்கள் அதை வச்சிருந்தாங்க. அந்தத் தொலைநோக்கி குழலுக்கு மேல இருக்காது, இடது பக்கமா இருக்கும். குழல் மேல இருக்கிற வழக்கமான இரும்பு சைட்டை அது மறைக்காது. தூரத்துக்கு இடது பக்கக் கண்ணாடி, கிட்டத்துக்கு நடுவுல இருக்கிற இரும்பு. நம்ம கேன்டட் சைட்டோட பாட்டன்னே சொல்லலாம்.

முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டுலயும் ஸ்கோப்பை இடது பக்கம் தள்ளித்தான் மாட்டினாங்க. அங்க காரணம் வேற: மேல இருந்து ஐந்தைந்து தோட்டாவா திணிக்கிற வழியை மறைக்கக் கூடாது. ஹெஸ்கெத்-பிரிச்சர்ட்னு ஓர் அதிகாரி, குறிவீரர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினவர், இந்த ஏற்பாட்டைத் திட்டித் தீர்த்திருக்கார். பதுங்குகுழித் தகட்டுல இருக்கிற சின்ன ஓட்டை வழியா குழலை நீட்டினா, பக்கத்துல இருக்கிற ஸ்கோப்புக்கு முன்னாடி இரும்புத் தகடுதான் நிக்கும்!

சரி, துப்பாக்கிக் கதையை இதோட நிறுத்திக்கலாம். ஏன்னா டேவிட்சனுக்கும் ஒரு முப்பது வருஷம் முன்னாடி, இதே தூரம்-கிட்டம் பிரச்சினையை இன்னும் ஆயிரம் மடங்கு நுணுக்கமா தீர்த்த ஒரு கருவி நம்ம கடலூர் பக்கம் வந்து நின்னுச்சு. அது சுடுற கருவி இல்லை. ஆனா ஒரு நாட்டைப் பிடிச்சவங்க கையில இருந்த கருவி.

1799. ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் விழுந்துட்டார். அந்தப் போர்ல 33ஆம் ரெஜிமென்ட்ல வில்லியம் லாம்டன்னு ஓர் அதிகாரி. ஓர் இரவு படை எதிரியோட முகாமை நோக்கியே நடந்துட்டு இருந்தப்போ, நட்சத்திரத்தைப் பார்த்து "நாம தெற்கே போகலை, வடக்கே போறோம்"னு தளபதியை எச்சரிச்சவர்னு அவரைப் பத்தி ஒரு கதை உண்டு. போர் முடிஞ்சதும் அவர் ஒரு திட்டம் கொடுத்தார்: தீபகற்பத்தைக் குறுக்கே முக்கோணங்களால அளக்கணும், கூடவே பூமியோட வடிவத்தையும் கணக்கு போடணும்.

காலத்தைக் கவனிங்க. 1801 ஜூலையில ஆற்காடு நவாபோட ஆட்சி கம்பெனி கைக்குப் போகுது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் எல்லாம் அதுல அடக்கம். அதே வருஷம் அக்டோபர்ல மருது சகோதரர்களைத் தூக்கிலிடுறாங்க. 1802 ஏப்ரல்ல லாம்டன் பரங்கிமலை பக்கத்துல சங்கிலியை விரிக்கிறார். வாங்கின நிலத்தை உடனே அளந்து பட்டா போடுற அவசரம்தான் இது. பூமியோட வடிவம்கிற அறிவியல் கேள்வி உண்மையானது, லாம்டனுக்கு அதுலதான் உயிர். ஆனா காசு கொடுத்த கம்பெனிக்கு வேற கணக்கு இருந்துச்சு. இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியும்னு எனக்குத் தோணலை.

அந்தக் காசும் லேசுல வரலை. மெட்ராஸ் நிதிக்குழுவுல ஒருத்தர் கேட்டாராம்: ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்குறவங்ககிட்ட சொன்னா போதுமே, அவங்களே கொண்டு போய் விடுவாங்களே, லாம்டனோட வரைபடம் எதுக்கு? சரியான கேள்வின்னுதான் சொல்லுவேன். ஊரோட வழி தெரிஞ்சவங்க ஊர்லயே இருந்தாங்க. வழி தெரியாதவங்களுக்குத்தான் வரைபடம் தேவைப்பட்டுச்சு.

கருவிகள் வந்து சேர்ந்த கதையே ஒரு தனி எபிசோட் போடலாம். 100 அடி எஃகுச் சங்கிலியும், நட்சத்திரம் பார்க்கிற ஜெனித் செக்டாரும் முதல்ல சீனப் பேரரசருக்குப் பரிசாப் போனது. அவர் வேண்டாம்னுட்டார். கல்கத்தாவுல விலைக்குக் கிடைச்சது. லண்டன்ல கேரிங்கிற கருவிக் கலைஞர் செஞ்ச பெரிய தியோடலைட், வர்ற வழியில பிரெஞ்சுப் போர்க்கப்பல்கிட்ட மாட்டி மொரீஷியஸ் போயிடுச்சு. அங்க இருந்த பிரெஞ்சு கவர்னர், இது அறிவியல் கருவின்னு தெரிஞ்சதும் மரியாதையா மெட்ராஸுக்கு அனுப்பி வச்சார். இந்தியாவை வேவு பார்க்கப் போற கருவின்னு அவருக்குத் தோணாம போனது நமக்கு ஆச்சரியமா இருக்கலாம்.

அந்தத் தியோடலைட் சுமார் அரை டன் எடை. கிடைமட்டமா ஒரு பித்தளை வட்டம், குறுக்களவு 3 அடி. அதுக்கு மேல தொலைநோக்கி. வட்டத்தோட விளிம்புல பாகைக் கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்க்க மைக்ராஸ்கோப்புகள். இந்த இடத்துலதான் நம்ம சமாசாரம் வருது: ஒரே கருவியில ஒரு கண்ணாடி தூரத்துக்கு, இன்னொண்ணு கிட்டத்துக்கு.

எதுக்கு மைக்ராஸ்கோப்? தூரத்துல இருக்கிற கொடியைத் தொலைநோக்கி கிட்டத்துல கொண்டு வந்துடும், சரி. ஆனா சர்வேயருக்குக் கொடி தெரிஞ்சா பத்தாது. அது எந்தக் கோணத்துல இருக்குன்னு எண்ணாச் சொல்லணும். ஒரு பாகையை 60 நிமிடமாப் பிரிக்கிறோம், ஒரு நிமிடத்தை 60 நொடியாப் பிரிக்கிறோம். இப்போ ரைஃபிள் ஸ்கோப்ல இருக்கிற குமிழை ஒரு கிளிக் திருப்பினா பெரும்பாலும் கால் நிமிடம், அதாவது 15 நொடி நகரும். எம்ஓஏன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்த நிமிடம்தான் இது. லாம்டன் ஆட்கள் எட்ட நினைச்சது ஒரு நொடி அளவுக்கு.

கொஞ்சம் கணக்கு போடுவோம். 30 கி.மீ. தூரத்துல ஒரு நொடிப் பிழைன்னா, கொடி இருக்கிற இடம் சுமார் 15 செ.மீ. தள்ளிப்போகும். அதே ஒரு நொடி, 3 அடி வட்டத்தோட விளிம்புல எவ்வளவு தெரியுமா? மில்லிமீட்டர்ல ஐந்நூறுல ஒரு பங்கு அளவு. தலைமுடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். எந்த மனுஷக் கண்ணுக்கு அது தெரியும்? அதான் மைக்ராஸ்கோப். அதுக்குள்ள மெல்லிய நூல், அதை நகர்த்த ஒரு நுண்ணிய திருகு, திருகு எத்தனை சுத்து சுத்துச்சுங்கிற எண்ணிக்கை. முதல்ல தொலைநோக்கியில கொடியைக் குறுக்குக்கோட்டுல நிறுத்தணும். அப்புறம் கருவி அசையாம, மூச்சை அடக்கி, மைக்ராஸ்கோப்ல குனிஞ்சு எண்ணைப் படிக்கணும். இந்தப் படிப்பு தப்பினா, தூரத்துல அவ்வளவு தெளிவாப் பார்த்ததுக்கு மதிப்பே கிடையாது.

இப்போ கடலூருக்கு வருவோம். லாம்டன் தன்னோட முதல் தெற்கு-வடக்குக் கோட்டுக்கு வடமுனையா மெட்ராஸ் பக்கத்துல ஓர் இடத்தை எடுத்தார். தென்முனை, கடலூருக்கு மேற்கே திருவந்திபுரம். ஆமா, தேவநாத சுவாமி கோயில் இருக்கிற, முகூர்த்த நாள்ல நூத்துக்கணக்குல கல்யாணம் நடக்கிற அதே திருவந்திபுரம்தான். வெள்ளைக்காரங்க எழுத்துல அது "திரிவாண்டிபோரம்"னு ஏதோ ஓர் ஊர் மாதிரி இருக்கும். கேப்பர் மலையை ஒட்டின அந்த மேட்டுப் பகுதியை எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்கங்கிறது அங்க போனவங்களுக்குப் புரியும். கடற்கரைச் சமவெளியில உயரம்னு சொல்லிக்க அது ஒண்ணுதான்.

ரெண்டு முனையிலயும் ஜெனித் செக்டாரை வச்சு, தலைக்கு மேல கடக்கிற அதே நட்சத்திரங்களை ராத்திரி ராத்திரியாப் பார்த்தாங்க. அந்தக் கருவியிலயும் இதே ஜோடிதான்: மேல பார்க்கிற தொலைநோக்கி, கீழே தூக்குநூல் எந்தப் புள்ளி மேல நிக்குதுன்னு பார்க்க ஓர் உருப்பெருக்கி. ரெண்டு முனைக்கும் நடுவுல வித்தியாசம் 1 பாகை 34 நிமிடம் 56 நொடி சொச்சம். தரையில முக்கோணங்களால வந்த தூரத்தை அதோட ஒப்பிட்டா, இந்த அட்சரேகையில ஒரு பாகைக்கு 60,494 ஃபேதம். ஒரு ஃபேதம் 6 அடி. இன்னைய அளவுல 110.63 கி.மீ. இப்போ சாட்டிலைட் வச்சு எடுத்த பூமி அளவுகள்ல இருந்து கணக்கிட்டாலும் அந்த இடத்துக்கு இதே எண்தான் கிட்டத்தட்ட வரும், வித்தியாசம் சில மீட்டர்தான். இது பத்தின கட்டுரை 1805ல 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழ்ல வந்துச்சு. எனக்கு இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் சிலிர்க்கும்.

தெற்கே போகப் போக வேற பிரச்சினை. காட்டுமன்னார்கோயில்காரங்களைக் கேளுங்க, அவங்க ஊர்ல மலை எங்கன்னு. வீராணம் ஏரிக்கரைதான் மலை! கண் பார்த்த இடமெல்லாம் வயல், தோப்பு. தரையில நிக்கிற ஒருத்தருக்கு அடிவானம் வெறும் நாலரை கி.மீ. தான். அதுக்கு மேல பூமியோட வளைவே மறைச்சிடும். லென்ஸ் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வளைவுக்கு அந்தப் பக்கம் பார்க்காது. உயரம் வேணும். சிதம்பரம் கோபுரம் சுமார் 40 மீட்டர். அதோட உச்சியில இருந்து அடிவானம் 23 கி.மீ. போயிடும். வீராணம் கரை மேல நின்னா, கணக்குப்படி அந்த உச்சி தெரியணும். தென்னையும் பனிமூட்டமும் விட்டா!

அதனால காவிரிப் படுகையில லாம்டன் கோயில் கோபுரங்கள் மேல ஏற ஆரம்பிச்சார். அரை டன் கருவியோட. 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து மேல தியோடலைட்டை ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவி சுவர்ல மோதிடுச்சு. அடி விழுந்தது எங்கன்னா, தொலைநோக்கியில இல்லை. அந்த 3 அடி வட்டம் நெளிஞ்சு போச்சு. தூரம் பார்க்கிற கண் நல்லா இருக்கு, கிட்டத்துல படிக்கிற அளவுகோல் கெட்டுப் போச்சு. கருவியே செத்த மாதிரி. லாம்டன் அதைப் பிரிச்சுப் போட்டு, ஆறு வாரம் உட்கார்ந்து, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். அப்புறமும் பல வருஷம் அதே கருவிதான் வேலை செஞ்சது.

கயிறைப் பிடிச்சு இழுத்தவங்க, காடு மேடெல்லாம் கருவியைத் தோள்ல சுமந்தவங்க, மேகம் விலகுற வரைக்கும் தூரத்து உச்சியில கொடியோட காத்துக்கிடந்தவங்க, எல்லாரும் இந்த ஊர்க்காரங்க. காய்ச்சல்ல போனவங்களும் அவங்கள்ல நிறைய. எந்தக் கதையிலயும் அவங்க பேரு நமக்குக் கிடைக்கிறதில்லை. ஊர் மக்களுக்கும் இந்தக் கண்ணாடி மேல சந்தேகம் இருந்துச்சு. கோபுரத்து மேல நின்னு வீட்டு முற்றத்துல இருக்கிற பெண்களைப் பார்க்கிறாங்கன்னு சர்வே போன இடங்கள்ல பேச்சு கிளம்பியிருக்கு. போதாக்குறைக்கு அந்தக் காலத் தொலைநோக்கியில எல்லாம் தலைகீழாத் தெரியும். நம்ம வீட்டுக்கு மேல ஒருத்தர் ட்ரோன் பறக்கவிட்டா நமக்கு வர்ற கோபம்தான் அவங்களுக்கும் வந்தது. அதை மூடநம்பிக்கைன்னு ஒதுக்க எனக்கு மனசு வரலை.

லாம்டன் 1823 ஜனவரியில, வேலைக்கு நடுவுலயே, இப்போ மகாராஷ்டிராவுல இருக்கிற ஹிங்கன்காட்டுல இறந்தார். அந்தக் கோட்டை இமயம் வரைக்கும் கொண்டு போனது அவருக்கு அப்புறம் வந்த எவரெஸ்ட். தஞ்சாவூர்ல அடிபட்ட தியோடலைட் இப்போ டேராடூன்ல, சர்வே ஆஃப் இந்தியாகிட்ட இருக்கு. திருவந்திபுரம் போறவங்க போன்ல மேப் திறந்து அட்சரேகையைப் பாருங்க. 11 பாகை 44 நிமிடத்துல ஆரம்பிக்கும். லாம்டன் எழுதி வச்சதும் 11 பாகை 44 நிமிடம் 52 நொடி சொச்சம்.