பத்துக்கு எத்தனை?

கன்சோல் விளையாட்டுகளுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் அச்சுப் பத்திரிகைகளில் வேரூன்றியது. ஜப்பானில் 1986-ல் தொடங்கிய ‘ஃபாமிட்சு’ இதழில் நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று போட, கூட்டுத்தொகை நாற்பதுக்கு வரும். நல்ல முறை அது; ஒருவருக்குப் பிடிக்காமல் போனது நான்கு எண்களில் பளிச்சென்று தெரியும். முழு நாற்பதை முதலில் பெற்றது 1998-ன் ‘செல்டா: ஒகரினா ஆஃப் டைம்’.

2001-ல் வந்த மெட்டாக்ரிட்டிக் இணையதளம் விமர்சகர்களின் எல்லா மதிப்பெண்களையும் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுத்தது. அந்தச் சராசரி சம்பளத்திலும் கைவைத்தது. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ (2010) செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு 85 எட்டினால் போனஸ் என்பது பேச்சு, கிடைத்தது 84. போனஸ் கைக்கு வரவில்லை.

தமிழ் வாழ்க்கையும் இந்தத் தராசில் ஏறியது. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். விமர்சகர்கள் கதையைக் கொண்டாடினார்கள். சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. நீளத்துக்காக மதிப்பெண் குறைப்பது இவ்வகை விளையாட்டுக்குப் பொருந்தாத அளவுகோல். 2024-ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது ‘வெண்பா’வுக்கே கிடைத்தது.